குப்பைக்குப் போன குண்டான்

"இந்தக் குண்டான்ல தரைத்துணியை அலசினது யாரு?"

மேனேஜர் ஓட்டீலியா போட்ட சத்தத்தில் பேக்கரியே அதிர்ந்தது. மாவு பிசைகிற பெரிய எவர்சில்வர் குண்டானில் அழுக்குத் தண்ணீர் நின்றது.

மேனேஜரம்மா கண் நேரே சம்ஃபிராவிடம் போனது. வேறு எங்கே போகும்? ருமேனியாவில் எல்லாரும் ஒதுக்கிவைக்கும் ரோமா இனத்தாள், ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்காரி. அன்றைக்குக் காலையில்தான் ஒருநாள் வேலை செய்து காட்ட வந்திருந்தாள்.

"உங்க ஆளுங்க சுத்தம்னா கிலோ என்ன விலைன்னுதானே கேப்பீங்க!"

"நான் தொடவே இல்லை மேடம்." சம்ஃபிராவுக்கு அழுகை முட்டியது. இந்த வேலையும் இல்லையென்றால், போன வருஷம் மாதிரி இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஜெர்மனிக்குக் காய் பறிக்கத்தான் போகவேண்டும்.

"நான்தாங்க அலசினேன்," என்றான் அடுப்பு பார்க்கிற நெலு. அவன் ரோமா இல்லை, ஊருக்குள் இருக்கும் ருமேனியன். "வாளி ஓட்டை. சோப்பு போட்டுத் தேய்ச்சா போச்சு. இதுக்குப் போய் ஊரைக் கூட்டுறீங்களே!"

ஓட்டீலியா குண்டானைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, கையை மூன்று தடவை கழுவினாள்.

பார்த்துக்கொண்டிருந்த ராலுகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேக்கரிக்கு முதல் போட்ட நிதி நிறுவனத்து அதிகாரி அவள். ரோமாக்கள் நாலு பேருக்காவது வேலை தரணும் என்பது ஒப்பந்தம். வந்த மூன்று பேரையும் ஓட்டீலியா முதல் நாளே திருப்பி அனுப்பியாயிற்று. என்ன விஷயம் என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

"என்னங்க இது? போன மாசம் எங்க பணத்துல வாங்கினது! எங்க வீட்டுல இப்படி ஆனா சுடுதண்ணி ஊத்திக் கழுவிடுவோம். புதுசைப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

ஓட்டீலியாவின் முகம் வெளுத்தது.

"சொல்லுங்க. ஏன் போட்டீங்க?"

சம்ஃபிரா ஓட்டீலியாவையே பார்த்தாள். தரைத்துணி பட்ட பாத்திரம் அவர்கள் குடியிருப்பில் தீட்டு. எத்தனை தேய்த்தாலும் அதில் சமைக்க மாட்டார்கள். தூக்கி எறிய வேண்டியதுதான். ரோமா அல்லாத ஒருத்தர் அப்படி எறிந்து அவள் பார்த்ததே இல்லை.

"அடியில விரிசல் இருந்துது மேடம்," என்று ராலுகாவிடம் முந்திக்கொண்டு ஒரு பொய்யைச் சொன்னாள் சம்ஃபிரா. "காலையிலேயே நான் காட்டினேன். மாவுல இரும்புத்தூள் விழும்."

"அதைச் சொல்றதுக்கு என்ன?" என்று அலுத்துக்கொண்டு ராலுகா கிளம்பினாள். நெலுவும் வாளி வாங்கப் போனான்.

ஓட்டீலியா கதவைச் சாத்தினாள். அடுத்து அவள் பேசியது ருமேனிய மொழி இல்லை. சம்ஃபிரா வீட்டில் பேசும் அதே ரோமா பாஷை.

"இருபது வருஷமா மறைச்சு வெச்சிருக்கேன். தெரிஞ்சா ஒருத்தன் மதிக்க மாட்டான். நம்ம ஆளுங்க உள்ளே வந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்களேன்னு பயம். நீ நாளையிலேர்ந்து வா, தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லிடாதே."

சம்ஃபிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன், அக்கா. நீங்க திருப்பி அனுப்பின மூணு பேரையும் கூட்டிட்டு வரேன். அவங்களும் சொல்ல மாட்டாங்க."