நாலு நிமிஷம் குறையுது

"எங்கேயோ வெட்டியிருக்கான்" என்றார் டைம்கீப்பர், லேப்டாப் திரையை விரலால் தட்டி.

துணி மடித்துக்கொண்டிருந்த சின்ன மகள் நிமிரவில்லை. "எதைப்பா?"

"மத்த பத்து கேசட்டும் சரியா அறுபது நிமிஷம். உன் முதல் பிறந்தநாள் கேசட் மட்டும் அம்பத்தாறு. நாலு பன்னெண்டுக்கு நீ கேக் முன்னாடி உக்காந்திருக்க. அடுத்து பாத்தா மணி நாலு பதினாறு. நடுவுல இருந்தது எங்க போச்சு?"

தொழிற்சாலை வாசலில் முப்பது வருஷம் வருகை நேரம் குறித்தவர் அவர். நாலு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கெல்லாம் அரை நாள் சம்பளம் பிடித்தவர். அவரிடமா நாலு நிமிஷத்தை மறைப்பது?

அந்தக் காலத்தில் வீடியோ கேமரா வாங்கப் போனபோதே ஆறு கடை ஏறி இறங்கினார். ஜூம், லென்ஸ் என்று கடைக்காரர்கள் அளந்ததில் ஒன்றையும் நம்பவில்லை. கடைசியில், படத்தின் மூலையில் மணி ஓடும் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை எடுத்து வந்தார்.

அந்தக் கேமரா பழுதாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மிஞ்சிய பதினோரு கேசட்டையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தர மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடை இருப்பதைச் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். கடைக்காரரைப் பார்த்ததுமே டைம்கீப்பருக்குப் பிடிக்கவில்லை. கேசட்டை வைத்துவிட்டுப் போங்கள் என்று அந்த ஆள் ஏன் அவ்வளவு அவசரப்பட வேண்டும்?

"நம்ம வீட்டு விஷயத்தைக் காப்பி எடுத்து வெச்சுக்குவான். கேசட் ஓடி முடியற வரைக்கும் யாராவது பக்கத்துலயே உக்காரணும்" என்று ஒரே பிடியாக நின்றார். அவருக்கோ கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சின்னவளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் அங்கே காவல் இருந்தாள்.

மனைவி போன பிறகு அவரைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மூத்தவள் மாதம் ஒருமுறை போன் செய்வாள்.

"நீ அங்கதானேம்மா இருந்த? எப்ப வெட்டினான்?"

"தெரியலப்பா. நான் டீ குடிக்கப் போனப்ப இருக்கும். பழைய கேசட், கொஞ்சம் போயிருக்கும். விடுங்க."

அவரா விடுவார்? மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, சாட்சிக்கு அந்தக் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் காரை எடுத்தாள்.

கடைக்காரர் புகாரைக் கேட்டுவிட்டு ஒரு முறை சின்னவளைப் பார்த்தார். பிறகு, "என் மெஷின்ல டேப் சிக்கிடுச்சு சார். தப்பு என்னோடதுதான்" என்றார்.

"சிக்கினா கோடு விழும், படம் ஆடும். இது சுத்தமா வெட்டின மாதிரி இருக்கு. முப்பது வருஷம் பொய்க் காரணம் கேட்டவன்ப்பா நான்."

குரல் ஏறிக்கொண்டே போனது. அடுத்த வீட்டு விஷயத்தைத் திருடிப் பிழைக்கிறவன் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். கடையிலிருந்த இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

"அப்பா, போதும். வாங்க போகலாம்" என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் வெளியே ஹார்ன் சத்தம். வழியை மறித்து நின்ற காரை நகர்த்த அவள் ஓடினாள்.

"இப்பவே போலீசுக்குப் போறேன்" என்றார் டைம்கீப்பர்.

கடைக்காரர் கைகாட்டி அவரை நிறுத்தினார். "அங்க போனா இது நாலு பேர் முன்னாடி ஓடும் சார். அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க."

அவர் கொண்டுவந்த கேசட்டையே வாங்கி மெஷினில் போட்டார். ஹெட்போனை அவர் காதில் மாட்டினார்.

திரையில் மேஜைக் காலும் ஒரு கேக் பெட்டியும் தெரிந்தன. கேமராவை நிறுத்த மறந்து அப்படியே கீழே வைத்திருக்கிறார். மூலையில் மணி நாலு பதின்மூன்று. ஆள் யாரும் தெரியவில்லை, பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. அது அவருடைய குரல். பேசியது குழந்தையில்லாத தன் அக்காவிடம்.

"எனக்கு மூத்தவ ஒருத்தி போதும்க்கா. ரெண்டாவதும் பொண்ணாப் போச்சு. இவளை நீயே கூட்டிட்டுப் போய் வளத்துக்கோ. என் பாரமாவது குறையும்."

அக்கா முடியாது என்றார். அவர் விடாமல் கெஞ்சினார். மணி நாலு பதினாறு ஆகும்வரை கெஞ்சினார்.

டைம்கீப்பர் ஹெட்போனைக் கழற்றினார். அப்படிப் பேசியதையே அவர் மறந்துபோயிருந்தார். கடைக்காரரின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"தம்பி, என் மானத்தைக் காப்பாத்தத்தான் வெட்டியிருக்கீங்க. அது புரியாம என்னென்னவோ பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார். பிறகு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது மட்டும் என் பொண்ணு காதுக்குப் போயிடக் கூடாது. போச்சுன்னா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ வீட்ல சாப்பிடுவேன்?"

கடைக்காரர் ஹெட்போனை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"அன்னிக்கு இது அவங்க காதுலதான் சார் இருந்துது. 'அப்பா கேட்டா தாங்க மாட்டார், வெட்டிடுங்க'ன்னு சொன்னதே அவங்கதான்."