வட்டாட்சியரின் வாயு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஓய்வுபெற்ற வட்டாட்சியர் உயர்திரு கோ. ஏகாம்பரம் அவர்களுக்கு இன்னும் காற்று பிரியவில்லை.

குடல் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஆண்கள் வார்டே அதற்காகத்தான் காத்திருக்கிறது.

வயிறு மத்தளமாக உப்பியிருந்தது.

பிரிந்தால் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். பிரியாவிட்டால் சாயங்காலம் மறுபடி திறக்க வேண்டும். இதயம் அதைத் தாங்காது என்பதை டாக்டர் அவர் மனைவி செண்பகத்திடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள்.

"அய்யா, காத்து பிரிஞ்சுச்சா?"

நர்ஸ் வாசலிலிருந்தே கேட்டாள். எல்லாக் கட்டில்களும் திரும்பிப் பார்த்தன.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீஸில் எவனாவது ஏப்பம் விட்டாலே விளக்கம் கேட்டு மெமோ கொடுத்த மனிதர்.

மூன்று மணிக்கு ஓய்வூதியர் சங்கத்தார் பொன்னாடையோடு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அய்யா அவர்கள் ஒரு இமயம்..."

இமயத்தின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

போர்வைக்குள் கால்கள் இறுகின. கட்டைவிரல்கள் மடங்கின.

செண்பகத்துக்குப் புரிந்துவிட்டது. வந்துவிட்டது. மனுஷன் அடக்கிக்கொண்டிருக்கிறார்.

குனிந்து காதோடு சொன்னாள்.

"விட்டுடுங்களேன். உசிருங்க."

அவர் தலையை ஆட்டினார். மாட்டாராம்.

தலைவர் இமயத்திலிருந்து இறங்கிக் கங்கைக்கு வந்திருந்தார். இப்போதைக்குக் கடலில் சேருவதாக இல்லை.

செண்பகம் எழுந்தாள். கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததில் ஒன்றை விட்டாள்.

தாராளமாக. கடைசிக் கட்டில்வரை கேட்கும்படியாக.

பேச்சு நின்றது. பொன்னாடை பாதி விரிந்த நிலையில் அந்தரத்தில் தொங்கியது.

"சீ! நாலு பெரிய மனுஷங்க நிக்கற எடத்துல... வெக்கமா இல்லடி ஒனக்கு?"

பழைய வட்டாட்சியர் குரல். அடிவயிற்றிலிருந்து வந்தது.

குரலோடு மற்றதும் வந்தது.

நீளமாக. ஓய்வெடுத்து ஓய்வெடுத்து. ஒரு முழு நிர்வாகத்தின் தேக்கம்.

"அப்பாடா," என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

நர்ஸ் ஓடிவந்து வட்டாட்சியரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். சிரித்தாள். சங்கத்தார் தங்கள் செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செண்பகம் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

கேன்டீனுக்குப் போய் இரண்டு உருளைக்கிழங்கு போண்டா தின்றாள்.