தேர்ந்தெடுக்காத வினோதா

கல்லூரி பார்க்கப் போனால், அங்கே படித்து முடித்த பிறகு நம் பிள்ளை எப்படி இருக்கும் என்று ஓர் உருவத்தை வாசலில் நிறுத்திக் காட்டிவிடுவார்கள்.

கோயம்புத்தூர்க் கல்லூரியில் வந்து நின்ற வினோதா கோட்டு போட்டிருந்தாள். கிடைத்த வேலையைப் பற்றி மட்டுமே பேசினாள். திண்டுக்கல் கல்லூரி வினோதா “அம்மா!” என்று ஓடிவந்தாள், எதற்கெடுத்தாலும் விழுந்து விழுந்து சிரித்தாள். கோமதி அவள் கன்னத்தைத் தொடப் போனாள். விரல்கள் உள்ளே புகுந்து வெளியே வந்தன.

“சிரிப்பு சோறு போடுமா?” என்றார் கணவர் தணிகாசலம்.

பக்கத்தில் நின்ற பதினேழு வயது நிஜ வினோதா, “உங்க இஷ்டம்ப்பா” என்றாள்.

கோயம்புத்தூரில் சேர்த்தார்கள். இப்போதெல்லாம் போன் போட்டால் “ம்” என்பதோடு சரி.

தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கோமதி மாதாமாதம் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறுகிறாள். “இன்னும் முடிவு பண்ணல, இன்னொரு தடவ பாக்கணும்” என்று வரவேற்பில் பொய் சொல்வாள். மரத்தடி பெஞ்சுக்கு அந்த வினோதா வருவாள். அவளால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் கோமதி எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு போவாள். பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு எப்படிப் போவது?

இன்று டப்பாவைத் திறந்தபோது அந்த வினோதா சிரிக்கவில்லை.

“கோயம்புத்தூர்ல இருக்கறவ எப்படிம்மா இருக்கா?”

“நல்லா இருக்காடி.”

“போய்ப் பாத்தியா?”

கோமதி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்குப் பசிக்காதும்மா” என்றாள் அந்தப் பெண். “அவளுக்குப் பசிக்கும்.”