இழுக்கக் கூடாத இடம்

கடைசிப் பக்கத்திலும் நிக்சன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அதிகாரி ஒலிப்பதிவை நிறுத்தினார். மொழிபெயர்க்க வந்திருந்த அவள் மூச்சு விட்டாள். காலையிலிருந்து இவன் தமிழை அவருக்கு ஜெர்மனிலும், அவர் ஜெர்மனை இவனுக்குத் தமிழிலும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருந்தது.

நிக்சனின் தங்கை என்ன ஆனாள் என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். காணாமல் போய்விட்டாள் என்பதற்கு மேல் இவன் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. தஞ்சம் கேட்ட மனு தேறாது, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆத்திரமாக வந்தது.

அதிகாரி பொல்லாதவர் அல்ல. கோட்டை மாட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். தஞ்சத்துக்கு நம் ஆட்கள் வாயில் அசூல் என்று புழங்குகிற அந்தச் சொல் கிரேக்கர்களுடையதாம். பிரெஞ்சுக்காரர், இத்தாலிக்காரர், நார்வேக்காரர் எல்லாருமே அதைத்தான் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி வைத்திருக்கிறார்களாம். பறிக்கக் கூடாதது என்று பொருள். கோயிலுக்குள் ஓடி வந்தவனை யாரும் வெளியே இழுக்கக் கூடாது.

அவனுக்கும் சொல்லுங்கள் என்றார்.

சொன்னாள்.

நிக்சன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாங்களும் மாதா கோயிலுக்கதான் ஓடினனாங்கள் அக்கா. உள்ளுக்க வந்து இழுத்தவங்கள். தங்கச்சி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நான்தான் விட்டனான்.”

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். சிரித்த முகம்.

கையெழுத்துக்குப் பிறகு வருகிற பேச்சை இங்கே யாரும் லேசில் நம்புவதில்லை. அது அவளுக்குத் தெரியும். நிக்சனுக்குத் தெரியாது. விசாரணை முடிந்தது, இனி ஊர்ப்பேச்சு என்று நினைத்து அக்காவிடம் சொல்லிவிட்டான்.

நன்றி சொல்கிறான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் காலையிலிருந்து அவன் சொன்னதில் உயிர் இருந்தது இதில்தான்.

அப்படியே மொழிபெயர்த்தாள்.

அதிகாரி கோட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் கேட்க வேண்டியவள் அவள்தான்.

“இதை ஏன் இவ்வளவு நேரமும் மறைச்சனீங்கள்?”

நிக்சன் அதிகாரியின் பக்கம் திரும்பவே இல்லை.

அவளைத்தான் பார்த்தான்.