நாலே நாலு கட்டம்

“கொஞ்சம் எழுந்திருங்க மேடம். அந்த சாஃப்ட்வேரை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு நானே பார்த்துக்கறேன்.”

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் இப்படிச் சொன்னபோது காலை மணி ஏழரை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்னறையில் பதினாறு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். பசியோடு இருப்பவர்கள் எதிரில் விசாரணை நடத்தக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

மேசைக்குப் பின்னால் இருந்தவளை நர்ஸ் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் அக்கா என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அக்கா பதறவில்லை. ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மேசையில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கீழே வைத்து, நாற்காலியைத் துடைத்து அவருக்கு விட்டுக் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனிக்குப் பதினோரு கிளைகள். போன வருடம்வரை ஒரு நோட்டும் பேனாவுமாக ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வேலைக்கு, புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வந்து சேர்ந்தது. அதைத் திறந்தாலே கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஒரே திரையில் எறும்பு எழுத்தில் அறுபத்து மூன்று கட்டங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வந்த மனிதரிடம் திருமண நாள் எது, எங்களைப் பற்றி யார் சொன்னார்கள், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பலாமா என்றெல்லாம் கேட்டால் அவர் என்னதான் செய்வார்? மற்ற கிளைகளில் ஆளுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. ஒரு கிளையில் ஒருவர் முப்பத்தொன்பதாவது கட்டத்தில் மயங்கிச் சரிந்தார். பிஸ்கட் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டுவிட்டதால் மறுநாள் மறுபடி வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

அக்காவின் கிளையில் மட்டும் ஆளுக்கு முக்கால் நிமிடம்!

பாராட்டு வரும் என்று பார்த்தால் புகார் வந்தது. மேலாளர் ஒரு நாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவளுடைய திரை வெள்ளை வெளேரென்று இருந்ததாம், அதில் நாலே நாலு கட்டம்தான் தெரிந்ததாம். வேறு சாஃப்ட்வேர் போட்டால் வேலை போய்விடும் என்று சுற்றறிக்கையே இருக்கிறது. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அக்கா மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தாள்.

கம்ப்யூட்டர்காரர் அரை மணி நேரம் குடைந்தார். எந்த மூலையிலும் புதிதாக ஒன்றும் இல்லை. அதே சாஃப்ட்வேர், அதே அறுபத்து மூன்று கட்டம். எதையும் ஏற்றவில்லை என்று அக்கா அடித்துச் சொன்னாள். வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், இன்னும் கொஞ்சம் நேரம் போனால் உடம்பில் எடுப்பதற்கு ரத்தமே இருக்காது என்றார்.

வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர்காரர் எழுந்து டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது முன்னறையில் மூன்றே பேர். வாசலிலிருந்தே திரையைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பெயர், வயது, போன், டெஸ்ட். நாலே நாலு கட்டம்.

பக்கத்துக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினார். அக்கா மரியாதையாக எழுந்து நின்றாள். திரையில் அறுபத்து மூன்றும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் அறுபத்து மூன்று. ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ், சாருக்கும் ஒரு சர்க்கரை டெஸ்ட் எழுதட்டுமா என்று கேட்டாள்.

கடைசி ஆளும் போன பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் விசாரணைக் களை போய்விட்டிருந்தது.

“மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அந்த சாஃப்ட்வேரைச் செஞ்ச எட்டுப் பேர்ல நானும் ஒருத்தன். அதுல நாலு கட்டம்தான் கட்டாயம். மத்த அம்பத்தொம்பதையும் காலியா விட்டாலும் அது ஏத்துக்கும். மீதியை எடுத்துடலாம்னா மேலிடம் ஒத்துக்கலை. காலியா விடுங்கன்னு எல்லாக் கிளைக்கும் எழுதிப் போட்டோம். யாரும் விட மாட்டேங்கறாங்க. கண்ணு முன்னாடி காலியா தெரிஞ்சா கை நிரப்பத்தான் செய்யுது.”

அக்கா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“போன மாசம் எங்கம்மா பக்கத்துக் கிளைக்கு டெஸ்டுக்குப் போனாங்க. வெறும் வயித்தோட ரெண்டு மணி நேரம். இந்த சாஃப்ட்வேரை என் பிள்ளைதான் செஞ்சான்னு அங்கேயே பெருமையா சொல்லியிருக்காங்க. வரிசையில இருந்தவங்க கேட்ட கேள்வியில, வீட்டுக்கு வந்து இன்னிவரைக்கும் எங்கிட்ட பேசலை.”

அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது.

மேலே ஒன்றும் எழுதப் போவதில்லை, அவளுடைய வேலைக்கு எந்த ஆபத்தும் வராது, அதற்குத் தானே பொறுப்பு என்றார் அவர். மற்ற பத்துக் கிளைக்கும் அவளிடம் இருக்கும் நாலு கட்ட சாஃப்ட்வேரையே போட்டுவிட்டால் போதும், அம்மா பேசிவிடுவாள். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

“எங்கே வாங்கினீங்க, யாரு செஞ்சது, ஒண்ணும் கேட்க மாட்டேன். ஒரு காப்பி மட்டும் இதுல போட்டுக் குடுங்க.”

அக்கா பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல கொள்ளாது சார்.”

“அவ்வளவு பெருசா?”

“உங்க ஸ்கிரீன் அளவு.”

சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே குனிந்தவள், சிரிஞ்சு வந்த பெட்டியிலிருந்து வெட்டியெடுத்து பிளேடால் நாலு ஜன்னல் அறுத்து வைத்திருந்த வெள்ளை அட்டையை உருவி, அந்த அறுபத்து மூன்று கட்டத்தின் மேல் சாத்தினாள்.