காய்ந்த கிண்ணம்

செவலைக் கோழி கதிரேசன் வீட்டு மொட்டைமாடிக்கு வந்த மறுவாரமே அதன் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்துவிட்டது.

"கதிரேசன் என் மேல உயிரையே வச்சிருக்காரு," என்றது கோழி. "கடை முட்டையெல்லாம் விஷம், இனிமே நம்ம வீட்டு முட்டைதான்னு ஊரெல்லாம் சொன்னாரு. தண்ணி வைக்க மறந்திருப்பாரு. வந்துருவாரு."

மூலையில் கிடந்த செடிப் பைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதன் மண்ணில் பட்டுப்போன தக்காளிச் செடி ஒன்று குச்சியாக நின்றது.

"போன வருஷம் கடைத் தக்காளி விஷமா இருந்துச்சு. ஏதோ வீடியோ பாத்துட்டு என்னை வாங்கிட்டு வந்தாரு. முதல் தக்காளியைக் கையில வச்சுப் போட்டோ எடுத்தாரு. அதோட சரி. அப்புறம் வேற வீடியோ பாத்தாரு, அதுல நீ இருந்த."

வெயில் ஏறியது. தாகம் தாங்காமல் கோழி, அன்று இட்ட முட்டையைத் தானே கொத்தி உடைத்துக் குடித்தது.

சாயங்காலம் கதிரேசன் வந்தார். கையில் தண்ணீர் இல்லை, செல்போன் இருந்தது. கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் ஓடுதான் கிடந்தது.

"போட்ட முட்டையைத் தானே தின்னுருக்கு, சனியன்," என்று கீழே பார்த்து மனைவியிடம் கத்தினார். "இதைத் தூக்கிட்டு இங்க தேனீப் பெட்டி வச்சிடலாம். கடைத் தேனெல்லாம் விஷமாம்."

அவர் இறங்கிப் போனதும் கோழி கேட்டது: "தேனீக்குக் கொடுக்கு இருக்கா?"

"இருக்கு," என்றது செடிப் பை.

"அப்ப சீக்கிரம் வரட்டும்."