அன்னத்தாய் கேஸ்

கம்பம் ஆஸ்பத்திரி வராண்டாவில் அஜய்குமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழைகளின் ஆபரேஷன் செலவுக்கு இணையத்தில் நிதி திரட்டும் வேலை அவனுக்கு. சாயங்காலத்துக்குள் ஒரு நோயாளியை ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும். ‘அன்னத்தாய்னு ஒரு ஹார்ட் கேஸ்’ என்று சொல்லி நர்ஸ் அனுப்பிவைத்த பாண்டீஸ்வரி எதிரே நின்றாள்.

“எப்படி இருக்காக?”

“நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கி உக்காந்துர்றாக தம்பி.”

“சாப்பாடு?”

“கஞ்சிதான். முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சுல்ல.”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “தப்பா நினைக்காதீகக்கா. இந்த வயசுக்குச் சனம் காசு போடாது.”

அவள் முகம் செத்துப்போனது. தூண் பக்கம் திரும்பினாள்.

“ஆத்தா, எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்.”

தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி எழுந்தாள். ஆறு வயதிருக்கும். உதடு நீலம் பாரித்திருந்தது.

அஜய்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இதுதான் அன்னத்தாயா?”

“எங்க மாமியா பேரு வச்சிருக்கு. வா போன்னு எப்படித் தம்பி பேசுறது?”

அவசர அவசரமாகப் போனில் வீடியோவைத் தட்டினான். “பிள்ள பேரைச் சொல்லுங்கக்கா. பெத்தவ சொன்னாத்தான் சனம் நம்பும்.”

“நாங்க ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்.”

“பேரு வேணும்க்கா.”

பாண்டீஸ்வரி முந்தானையால் வாயைத் துடைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

“அன்னத்தாய்.”

பிள்ளை சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தது.

“அப்பத்தா வந்துட்டாகளாம்மா?”